மண்டபம் கரைவலையில் வந்த 3 செ.மீ. உளுவை: புதுச் சிற்றினமா, புது இடமா?

கடற்புல்_மண்டபம் (கேள்வி)

மண்டபம் வடகரையில், பாக் விரிகுடாப் பக்கம், கடற்புல் மேல் இழுத்த கரைவலையில் மூன்று உளுவை (கோபி என்னும் சின்ன மீன்) கிடைத்தன. ஆழம் 2 மீட்டருக்குள். திட்ட நீளம் (வால்துடுப்பு நீங்கலாக) 29 முதல் 33 மி.மீ. ஒன்றின் வயிற்றில் முட்டை இருப்பதால் குஞ்சு என்று தள்ளிவிட முடியவில்லை. முதல் முதுகுத்துடுப்பில் 6 முள், இரண்டாவதில் 1 முள் + 10 கதிர், குதத்துடுப்பில் 1 + 9, பக்கவாட்டுச் செதில் வரிசை 27. முதல் முதுகுத்துடுப்பின் பின்விளிம்பில் ஒரு கரும்பொட்டு. ஃபவோனிகோபியஸ் ரீச்சி என்ற உளுவைச் சிற்றினம் என்று ஒருவர் சொன்னார், கதிர் எண்ணிக்கை ஒத்துவரவில்லை. சி.ஓ.ஐ. (சிற்றினத்தை அடையாளம் காண உதவும் மரபணு) வரிசையை ஜென்பேங்க் என்ற டி.என்.ஏ. தரவுத்தளத்தில் போட்டால் அதிகபட்சம் 88% தான் பொருந்துகிறது. இரண்டு மீன் ஃபார்மலினில், ஒன்று முழுசாக 95% எத்தனாலில். புதுச் சிற்றினம் என்று எழுத ஆரம்பிக்கலாமா?

துடுப்புக்கணக்கு

இப்போதைக்கு வேண்டாம். முதல்ல எண்ணிக்கையை மறுபடி பாருங்க. ரீச்சிக்கு இரண்டாவது முதுகுத்துடுப்பும் குதத்துடுப்பும் 1 + 8. கடைசிக் கதிர் அடியிலேயே ரெண்டாப் பிளந்திருக்கும், அதை ஒண்ணாத்தான் எண்ணணும். நீங்க ரெண்டா எண்ணியிருந்தா உங்க 10 உண்மையில் 9. அப்பவும் அது ரீச்சி ஆகாது, ஆனா பேரினத்தைத் தேடுற திசையே மாறிடும். முதல் துடுப்பின் ஆறாவது முள் மற்றதை விட்டுத் தள்ளி நிக்கும், வலையில் முதல்ல கிழியறதும் அதுதான். எக்ஸ்ரே எடுத்தா இந்த ரெண்டு சந்தேகமும் தீரும். பல் டாக்டர்கிட்ட இருக்கிற சின்ன டிஜிட்டல் எக்ஸ்ரேயே 3 செ.மீ. மீனுக்குப் போதும். முதுகெலும்புக் கணுக்களையும் எண்ணுங்க. பெரும்பாலான உளுவைகளில் 10 + 16, மொத்தம் 26.

தலையைப் பத்தி நீங்க ஒண்ணுமே சொல்லல. உளுவைக்கு உடம்பில் பக்கக்கோடு கிடையாது. பேரினத்தைப் பிரிக்கிறது தலையில் இருக்கிற உணர்வுத் துளைகளும் கன்னத்துப் புடைப்பு வரிசைகளும்தான். வரிசைகள் நீளவாக்கில் ஓடுதா, குறுக்கா ஓடுதா? கண்களுக்கு நடுவில், கண்ணுக்குப் பின்னால் எத்தனை துளை? ஃபார்மலின் மீனை நல்லாக் கழுவி, ஈரத்தை ஒத்தி எடுத்துட்டு, கன்னத்தில் சயனின் ப்ளூ சாயத்தைத் தூரிகையால் தொட்டு வெச்சு நுண்ணோக்கியில் பாருங்க, புடைப்புகள் நீலமாப் புள்ளி புள்ளியா எழும்பும். சாயம் தூக்கலா ஏறிட்டா 70% எத்தனாலில் போடுங்க, வெளிறிடும். ஊசி போடாத சிரிஞ்சால் மெல்லக் காத்தடிச்சா துளைகள் தெளிவாத் தெரியும். எத்தனாலில் முழுசா வெச்ச மீனில் இதையெல்லாம் நம்பாதீங்க, தோல் சுருங்கியிருக்கும், அளவும் குறைஞ்சிருக்கும்.

இடுப்புத் துடுப்புகள் ஒட்டிக் கிண்ணமா இருக்கா, முன்பக்கச் சவ்வு முழுசா இருக்கான்னும் பாருங்க. அந்தச் சவ்வு ரொம்ப மெல்லிசு. இடுக்கியால் இழுத்தா கிழிஞ்சிடும், அப்புறம் இல்லாத குணத்தைப் புதுக் குணம்னு எழுதிடுவோம். தண்ணிக்குள்ள வெச்சு ஊசிமுனையால் நிமிர்த்துங்க. செதில் உதிர்ந்த இடத்தில் செதில்பையையும் சேர்த்து எண்ணுங்க.

பார்கோடு

88% என்றால் "உங்கள் மீன் அந்தத் தரவுத்தளத்தில் இல்லை" என்று மட்டுமே பொருள். 1800களில் பெயர் வைத்த பல உளுவைகளுக்கு இன்றுவரை நம்பத்தக்க வரிசை ஏறவில்லை. ஏறியவற்றிலும் தவறான பெயரில் கிடப்பவை உண்டு. வரிசைக்குப் பின்னால் அருங்காட்சியக மாதிரி எண் இருக்கிறதா என்று பார்த்தே நம்புங்கள்.

அதைவிட முக்கியமான ஓட்டை: வரிசை எத்தனால் மீனிலிருந்து வந்திருக்கும், எண்ணிக்கை ஃபார்மலின் மீன்களிலிருந்து. கடற்புல்லில் ஒரே இழுப்பில் மூன்று நான்கு சிற்றினம் கலந்து வரும். மூன்றும் ஒன்றே என்பதற்கு உங்களிடம் சான்று இல்லை. இனிமேல் ஒவ்வொரு மீனுக்கும் தனி எண் கொடுத்து, இந்த வரிசையில் செய்யுங்கள்: உயிர்ப்பு நிறம் மங்குமுன் அளவுகோலோடு இடப்பக்கப் படம், வலப்பக்கத் தசையில் அரிசியளவு துண்டு 95% எத்தனாலில், பிறகு துடுப்புகளை விரித்து ஊசி குத்தி, தூரிகையால் ஃபார்மலின் தடவி விறைக்க வைத்து மறுபடி படம், கடைசியாக உடல் 10% ஃபார்மலினில். கடையில் வாங்கும் ஃபார்மலின் 1 பங்கு, கடல்நீர் 9 பங்கு, லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் போராக்ஸ். இல்லாவிட்டால் அமிலம் எலும்பின் சுண்ணாம்பைக் கரைத்துவிடும், எக்ஸ்ரே மங்கலாக வரும். 655 காரம் (டி.என்.ஏ. எழுத்து) நீளமுள்ள வரிசையை முதுகெலும்பிகளின் மைட்டோகாண்ட்ரியக் குறியீட்டில் மொழிபெயர்த்துப் பாருங்கள். நடுவில் நிறுத்தக் குறி (புரதம் இங்கே முடிகிறது என்று சொல்லும் குறி) வந்தால் அது உண்மையான சி.ஓ.ஐ. இல்லை, அல்லது படித்ததில் பிழை.

பழையபெயர்

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். கலிஃபோர்னியா அறிவியல் அகாடமியின் மீன் பெயர்ப் பட்டியலில் உங்கள் மீன் சேரும் பேரினத்தின் எல்லாப் பெயர்களையும் எடுங்கள், செல்லாது என்று ஒதுக்கியவை உட்பட. நம் கரை மீன்களுக்குப் பெயர் வைப்பது 1700களிலேயே தொடங்கிவிட்டது. தரங்கம்பாடி மிஷனரி ஜான் அனுப்பிய மீன்களை பெர்லினில் ப்ளாக் விவரித்தார். பிரான்சிஸ் டே சேகரித்தவை கொல்கத்தா, லண்டன், சிட்னி என்று சிதறிக் கிடக்கின்றன. ஒதுக்கிய பெயர் ஒன்று உங்கள் மீனுக்குப் பொருந்தினால், புதுப்பெயர் வைக்க இடமில்லை, பழையதை மீட்க வேண்டியதுதான்.

பசிபிக்கில் அறிந்த மீனோடு பொருந்தினால் அது புது இடப் பதிவு. அப்போது தூத்துக்குடித் துறைமுகத்தை நினைவில் வையுங்கள். கப்பலின் நிலைப்பு நீரில் (கப்பல் சாயாமலிருக்க அடியில் நிரப்பும் கடல்நீர்) உளுவைகள் பயணிக்கும். கிழக்காசியாவின் அகாந்தோகோபியஸ் ஃப்ளேவிமேனஸ் 1960களில் கலிஃபோர்னியாவிலும் 1971இல் சிட்னியிலும் தலைகாட்டியது. "இந்தியாவில் முதல்முறை" என்று எழுதுமுன் எதிர்க்கரையான இலங்கையின் மன்னார், யாழ்ப்பாணப் பதிவுகளையும் பாருங்கள். அங்கே இருந்தால் இங்கே இருப்பதில் வியப்பில்லை, சின்ன மீனை யாரும் தேடவில்லை என்பதே காரணமாக இருக்கும்.

புதுச் சிற்றினம்தான் என்று உறுதியானால் ஹோலோடைப் (பெயருக்கு ஆதாரமான ஒற்றை மாதிரி) எது, எந்தக் காப்பகத்தில் என்று கட்டுரையிலேயே சொல்ல வேண்டும். மின்னிதழ் என்றால் ஸூபேங்க் (விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடு) பதிவும் கட்டுரைக்குள் இருக்க வேண்டும், இல்லையேல் பெயர் செல்லாது. பல்லுயிர்ச் சட்டம் 2002, பிரிவு 39 படி மாதிரியை அறிவிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைப்பது கட்டாயம். இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம் அப்படி ஒன்று. வெளிநாட்டு நிபுணருக்கு மீனைத் தபாலில் அனுப்பிவிடாதீர்கள், முதலில் தேசியப் பல்லுயிர் ஆணையத்தைக் கேளுங்கள். அடுத்த சேகரிப்பை மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காத் தீவுகளில் செய்ய நினைத்தால் வனத்துறை அனுமதி வேண்டும்.

கடற்புல்_மண்டபம்

நன்றி. வரிசை எத்தனால் மீனில் எடுத்ததுதான். அந்த மீனைப் பாராடைப் (ஹோலோடைப்புக்குத் துணையான மாதிரி) ஆக்கலாமா? ஃபார்மலினில் போட்டு பத்து நாளான மற்ற இரண்டிலிருந்தும் டி.என்.ஏ. எடுக்க வழி உண்டா?

பார்கோடு

எண்ணிக்கையும் தலைப் புடைப்பும் ஒத்துப்போனால் பாராடைப் ஆகலாம், அளவு அட்டவணையில் மட்டும் சேர்க்காதீர்கள். ஃபார்மலின் மீனில் துண்டு துண்டாகத்தான் வரும், செலவும் அதிகம். அதே இடத்தில் இன்னொரு இழுப்பு மலிவு.

துடுப்புக்கணக்கு

பத்து நாள் போதும், வெளிய எடுங்க. ஒரு நாள் முழுக்கத் தண்ணியில் ஊறவெச்சு, நடுவில் ரெண்டு மூணு தடவை தண்ணியை மாத்தி, 70% எத்தனாலில் போடுங்க. சீட்டை பென்சிலில் எழுதி புட்டிக்கு உள்ளேயே போடுங்க, பால்பாயிண்ட் மை எத்தனாலில் கரைஞ்சிடும்.