போக்கு சரியில்லை என்றால் சாயங்காலமே கணக்கு முடித்துவிடலாமா?

பழைய சூப்பர்வைசர்:
நேற்று இன்னொரு பேச்சில் மளிகைக்கடை அண்ணாச்சி எழுதியது: "கடைப்பையன் போக்கு சரியில்லை என்றால் சாயங்காலமே கணக்கு முடித்து அனுப்ப வேண்டும். கடை நம்முடையது, எவனும் கேட்க முடியாது." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, 41-வது பிரிவு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமல் நீக்கக் கூடாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத நோட்டீஸ், அல்லது ஒரு மாதச் சம்பளம். நீங்கள் அப்படி அனுப்பிய பையனுக்குக் கொடுத்தீர்களா அண்ணாச்சி?

மளிகைக்கடை அண்ணாச்சி:
என் பெயரைப் போட்டே தனிப் பேச்சு ஆரம்பித்துவிட்டீர்களா, சந்தோஷம். இரண்டாவது தடவை விலை கேட்டால் "போர்டுல எழுதியிருக்குல்ல" என்பான். மூன்று பேர் என் கண் முன்னாலேயே திரும்பிப் போனார்கள். ஆள் வந்து நின்றாலும் ஸ்டூலை விட்டு எழுந்திருக்க மாட்டான். இவனுக்கு ஒரு மாதச் சம்பளம் தண்டம் அழ வேண்டுமா? ஒழுங்கீனம் என்றால் நோட்டீஸே வேண்டாம் என்று அதே பிரிவில் இருக்கிறது. அதை ஏன் விழுங்கினீர்கள்?

பழைய சூப்பர்வைசர்:
நீங்கள்தான் பாதியை விழுங்கினீர்கள். அந்த ஒழுங்கீனத்தை விசாரணை வைத்து, சாட்சியம் பதிவு செய்து நிரூபித்திருக்க வேண்டும். மெமோ கொடுத்தீர்களா? அவன் பதிலை எழுதி வாங்கினீர்களா? இல்லையென்றால் ஒரு மாதச் சம்பளம்.

மளிகைக்கடை அண்ணாச்சி:
நானே பார்த்தேன். முதலாளியே பார்த்த பிறகு யாரிடம் விசாரணை? நான்கு பேர் வேலை பார்க்கிற கடை இது, ஹைகோர்ட் இல்லை.

ரேக் நம்பர் 7:
ஸ்டூல் விஷயத்தை மட்டும் கேட்கிறேன். நான் 11 வருடம் புடவை செக்ஷனில் நின்றே கால் நரம்பு சுருண்டவள். 2021-ல் இதே சட்டத்தில் திருத்தம் வந்தது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைத்தால் உட்கார இருக்கை போட வேண்டும் என்கிறது. கேரளாவில் 2018-லேயே வந்துவிட்டது. உட்கார்ந்ததைப் போக்கில் சேர்க்காதீர்கள்.

மளிகைக்கடை அண்ணாச்சி:
அக்கா, ஸ்டூல் போட்டதே நான்தான். ஆள் வந்தால் எழுந்திருக்கச் சொன்னேன், அவ்வளவுதான்.

ரேக் நம்பர் 7:
எல்லா முதலாளியும் இதைத்தான் சொல்வார்கள். காலையில் ஒன்பது மணிக்கு நின்றால் சாப்பாட்டுக்குத்தான் உட்காருவோம். நீங்கள் கல்லாவில் குஷனோடு உட்கார்ந்திருப்பீர்கள்.

வைகைக்கரை:
அண்ணாச்சி பக்கமும் கொஞ்சம் யோசியுங்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒருத்தன் இருந்தால் மற்ற மூன்று பேருக்கும் அது ஒட்டிக்கொள்ளும். எங்கள் பட்டறையில் ஒருத்தனை ஆறு மாதம் பொறுத்தோம். அதற்குள் நல்ல வேலைக்காரர்கள் இரண்டு பேர் விலகிவிட்டார்கள். அப்புறம், சூப்பர்வைசர் சாரும் எத்தனை பேரை அனுப்பினார் என்று சொல்லட்டும்.

பழைய சூப்பர்வைசர்:
சொல்கிறேன். ஆறு பேர். எல்லோருக்கும் மெமோ, எல்லோருக்கும் பதில் சொல்ல அவகாசம். மெமோ வாங்கிய இன்னொருத்தன் பதிலில் அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பதாக எழுதியிருந்தான். அவனை அனுப்பவில்லை, கடைசிவரை என்னோடுதான் இருந்தான். கேட்காமல் அனுப்பியிருந்தால் எனக்கு அது தெரிந்தே இருக்காது. நேரே பதில் வரட்டும்: ஒரு மாதச் சம்பளம் கொடுத்தீர்களா, இல்லையா?

மளிகைக்கடை அண்ணாச்சி:
போன தீபாவளி போனஸ் பேச்சிலும் இப்படித்தான் என்னைக் கூண்டில் ஏற்றினீர்கள், மறக்கவில்லை. ஒரு நாளாவது சொந்தக் காசில் சம்பளம் போட்டிருக்கிறீர்களா? முதலாளி பணத்தில் மெமோ எழுதியவர்தானே நீங்கள்!

பழைய சூப்பர்வைசர்:
போனஸ் பேச்சிலும் நீங்கள் பதில் சொல்லவில்லை. இங்கேயும் சொல்லவில்லை.

வைகைக்கரை:
அந்தப் பையன் எத்தனை மாதம் வேலை பார்த்தான்? ஆறு மாதம் ஆகவில்லை என்றால் இந்தப் பேச்சே வேண்டாமே.

மளிகைக்கடை அண்ணாச்சி:
இரண்டு வருடம். அதற்கென்ன? அவனே ஒரு வார்த்தை கேட்காமல் போனான். உங்களுக்கு ஏன் வலிக்கிறது?

பழைய சூப்பர்வைசர்:
கேட்கலாம் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? நியாயமான காரணம் இல்லை, ஒழுங்கீனம் செய்யவில்லை என்று லேபர் ஆபீஸில் அவன் மேல்முறையீடு செய்யலாம். இரண்டு வருடம் மூட்டை தூக்கியவனுக்கு ஒரு மாதச் சம்பளம், அண்ணாச்சி. ஒரே ஒரு மாதம்.

மளிகைக்கடை அண்ணாச்சி:
மூட்டை தூக்கியது அவன் இல்லை, வேறு ஆள். தெரியாததை எழுதாதீர்கள்.

ரேக் நம்பர் 7:
அப்படியானால் அவன் என்ன வேலைதான் பார்த்தான்? அதையாவது சொல்லுங்கள்.