மறு: ‘ஃப்ரீ ஏஜென்ட்’ தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம் ஐயா,

ஒப்பந்தம் முடிந்து வேறு அணிக்குப் போகக்கூடிய விளையாட்டு வீரரைத்தான் ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ ஏஜென்ட்’ என்கிறார்கள். அதற்கு நீங்கள் எழுதியது:

> ‘கட்டற்ற முகவர்’ போதுமே. ‘ஃப்ரீ சாஃப்ட்வேர்’ கட்டற்ற மென்பொருளாகப் பழகிவிட்டது, இதுவும் பழகிவிடும்.

பழகாது ஐயா. முகவர் என்றால் இன்னொருவருக்காகப் பேசுகிறவர். ஐஸ் ஹாக்கி வீரர் ஜோன் தவாரெஸுக்கு அப்படி ஒருவர் இருக்கிறார், பாட் பிரிசன் என்று. உங்கள் சொல்லை வைத்து 2018ஆம் ஆண்டுச் செய்தியை எழுதிப் பாருங்கள்: ‘கட்டற்ற முகவர் தன் முகவரோடு இருந்து ஆறு அணிகளின் பேச்சைக் கேட்டார்.’ யார் யாரோடு இருந்தது? இயந்திர மொழிபெயர்ப்பில் ‘இலவச முகவர்’ என்றும் கண்டிருக்கிறேன். ஏழு வருடத்துக்கு 7 கோடியே 70 இலட்சம் டொலர் வாங்கினவரைப் போய் இலவசம் என்பதா!

‘விடுபட்ட வீரர்’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். பட்டியலில் பெயர் விடுபட்டவர் என்றுதான் எனக்குப் படுகிறது.

> அப்படியானால் ‘ஒப்பந்தம் முடிந்த வீரர்’?

இதுதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம். 2018 கோடையில் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அணிக்கு முன்னால் இரண்டு பேர், இருவருக்கும் ஒப்பந்தம் முடிந்திருந்தது. ஒருவர் தவாரெஸ்: 2009இல் நியூயோர்க் ஐலண்டர்ஸ் அணி புது வீரர் தேர்வில் முதல் ஆளாகத் தெரிவு செய்து, ஒன்பது பருவம் அங்கேயே ஆடி, அணித்தலைவராக இருந்தவர். இந்த அணிகள் ஆடும் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல். விதிப்படி 27 வயதாகியிருந்தால், அல்லது ஏழு பருவம் ஆடியிருந்தால், ஒப்பந்தம் முடிந்ததும் யாரோடும் போகலாம். அப்போதைய விதிப்படி பழைய அணி எட்டு வருட ஒப்பந்தம் தரலாம், மற்றவர்கள் ஏழுதான், பழைய அணிக்கு இருந்த சாதகம் அவ்வளவுதான். ஜூலை 1 அன்று ரொறன்ரோவில் கையெழுத்திட்டுவிட்டு, சின்ன வயதில் லீஃப்ஸ் சின்னம் போட்ட விரிப்பில் தான் தூங்கும் பழைய படத்தைப் போட்டார். இங்கே ஸ்காபரோவில் என் மகன் அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் ஓடினான்.

மற்றவர் வில்லியம் நைலாண்டர். ஏற்கெனவே லீஃப்ஸ்காரர், இளையவர், அவருடைய ஒப்பந்தமும் முடிந்துவிட்டது, ஆனால் நினைத்த இடத்துக்குப் போக முடியாது. ஆடும் உரிமை அணியின் கையிலேயே இருந்தது. பேரம் இழுபட்டு, பருவம் தொடங்கி இரண்டு மாதம் ஆடாமல் இருந்து, டிசம்பர் 1 கெடு முடியச் சில நிமிடம் இருக்கையில்தான் கையெழுத்திட்டார். அந்தக் கெடு தவறியிருந்தால் அந்தப் பருவமே அவருக்கு இல்லை.

ஆக ஒப்பந்தம் முடிவது வேறு, உரிமை அவிழ்வது வேறு. யாழ்ப்பாணத்துக் காணி விவகாரம் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. அங்கத்தைய வழமைச் சட்டமான தேசவழமைப்படி பங்குக் காணியில் தன் பங்கை விற்கப்போகிறவர் முதலில் மற்றப் பங்காளருக்குச் சொல்ல வேண்டும், அவர் வேண்டாம் என்றால்தான் வெளியாள். நைலாண்டர் அந்தக் காணி மாதிரி.

தவாரெஸ் வகைக்கு ‘கட்டவிழ் வீரர்’ என்று முன்மொழிகிறேன். கயிறு அவிழ்ந்தவர். எப்படி?

---

அண்ணா,

காணி உதாரணம் பிரமாதம், சொல் சரியில்லை. ‘கட்டவிழ்த்து’ என்று எழுதினாலே நம் பத்திரிகைகளில் முன்னால் வருவது வன்முறைதான். ‘கட்டவிழ் வீரர் டொராண்டோவில்’ என்று தலைப்பு வைத்தால் போலீஸைக் கூப்பிடுவார்கள். 2019 பிப்ரவரியில் தவாரெஸ் லீஃப்ஸோடு ஐலண்டர்ஸ் அரங்குக்குத் திரும்பினபோது ரசிகர்கள் ரப்பர் பாம்பு வீசினார்களே, அணியும் 6-1 என்று தோற்கடித்து அனுப்பியது. அந்த ரசிகர்களைச் சொல்ல வேண்டுமானால் இந்தச் சொல் பொருந்தும்.

உரிமை யார் கையில் என்பதுதான் விஷயம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதையே சொல்லாக்கினால் என்ன? தன் கையில் இருந்தால் தன்னுரிமை வீரர், அணியின் கையில் இருந்தால் அணியுரிமை வீரர். இரண்டும் ஜோடியாக நிற்கும், படிப்பவருக்கு விளக்கமும் வேண்டாம்.

---

சரி, என் கயிற்றை நானே அவிழ்த்துக்கொள்கிறேன். ‘தவாரெஸ் தன்னுரிமை வீரரானதும் ரொறன்ரோவைத் தெரிவு செய்தார், நைலாண்டர் அணியுரிமை வீரராகக் காத்திருந்தார்.’ வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன், எங்கும் இடறவில்லை. ஆளைக் குறிக்க இது, நிலையைக் குறிக்க வெறும் ‘தன்னுரிமை’.

அடுத்தது ‘ஆஃபர் ஷீட்’. அணியுரிமை வீரரிடம் வேறோர் அணி தொகை எழுதிக் கையெழுத்து வாங்கும் தாள். 2019இல் மொன்றியல் அணி இப்படி செபஸ்டியன் ஆஹோவிடம் ஐந்து வருடத்துக்குக் கையெழுத்து வாங்க, அதே தொகையைத் தாங்களே தருகிறோம் என்று அவருடைய அணியான கரோலினா அவரை வைத்துக்கொண்டது. பெண் கேட்பது, ஏலம் கேட்பது என்கிறோமே, அதனால் ‘கேட்போலை’ என்று நினைக்கிறேன். ஓலை பழசாகத் தெரிகிறதா?