புதுச்சேரியில் நல்ல ஃபிரேம் கடை எது?

முத்தியால்பேட்டையில் இருக்கிறோம், கடல் கூப்பிடு தூரம். காண்டின்ஸ்கி 1926-ல் வரைந்த வட்டங்கள் ஓவியத்தின் பிரிண்ட் ஒன்றைப் போன வருஷம் ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டினேன். மழைக்காலம் முடிவதற்குள் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. கறுப்புப் பின்னணியில் வெள்ளைப் பூஞ்சை வேறு. வட்டம் எது, பூஞ்சை எது என்று அம்மா கேட்கிறார்! தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையில் இடைவெளி விடும் மவுண்ட் அட்டை வைக்காததுதான் தப்பு.

அடுத்து ஃபிரேம் போட நினைப்பது ஓவியர் மோந்திரியானின் 1930-ஆம் வருஷத்துச் சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டங்கள் ஓவியத்தின் பிரிண்ட். அசலே ஒன்றரை அடிச் சதுரம்தான், அதே அளவு போதும். ஓரத்தை மட்டும் வெட்டக் கூடாது. வலது கீழ் மூலையில் துளி மஞ்சள், அது போனால் படமே போச்சு. அமிலமில்லாத அட்டை வைத்து, மெல்லிய கறுப்புச் சட்டம் போட்டுத் தருபவர்கள் இங்கோ கடலூரிலோ இருந்தால் தோராயமான விலையோடு சொல்லுங்களேன்.