மழைநீர், மண் அரிப்புப் பயிற்சி முடித்தவர்கள் கட்டுமான சைட்டில் பார்த்ததைச் சொல்லுங்கள்

உச்சிப்புளி சூப்பர்வைசர்:
ஐப்பசி மழை. மழைநீரோடு சைட் மண் வெளியே போகாமல் நிறுத்தத் துணித்தடுப்பு கட்டி, போட்டோ எடுத்து ஆபீசுக்கும் அனுப்பியாச்சு. அடித்துணியை ஆறு அங்குலம் தோண்டிப் புதைத்து மண்ணை மிதித்து இறுக்கணும் என்று பயிற்சியில் சொன்னதை நான் சொன்னதற்கு, "மேல கல்ல வைங்க, போதும்"னுட்டார் காண்டிராக்டர். மழையில் துணி அசையவே இல்லை, தண்ணீர் முழுக்க அதன் அடி வழியாகச் செக்கச்செவேலென்று போய் ஊருணியில் இறங்கியது. படித்துறையில் ஒரு அப்பத்தா குடத்தோடு நின்றார். திட்டவில்லை. கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துவிட்டு வெறுங்குடத்தோடு திரும்பிப் போனார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

கீழக்கரை சிவில்:
தம்பி, புதைத்திருந்தாலும் நின்றிருக்காது. ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுபோகிற வரத்துக்கால் இருக்கிற இடத்தில் துணியே கட்டக்கூடாது. சரிவில் பரவலாக வழிகிற தண்ணீருக்குத்தான் துணி, அதையும் சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் ஓட்டி இரண்டு முனையையும் மேட்டுப் பக்கம் வளைக்கணும். வாய்க்காலாகத் திரண்டு வந்தால் கல் தடுப்பு, அதற்கு முன்னால் வண்டல் படிய ஒரு குழி.

எனக்கு மறக்காதது பயிற்சியில் செய்த பாட்டில் சோதனைதான். அவரவர் சைட் மண்ணைக் கொண்டுவரச் சொல்லி, தண்ணீரில் போட்டுக் குலுக்கி வைத்தார்கள். நம்ம கடற்கரை மணல் ஒரு நிமிஷத்தில் அடியில் உட்கார்ந்துவிட்டது. மனையை மேடாக்கக் கொட்டின கண்மாய்ச் சவுடு மறுநாள் காலையிலும் பால் விட்ட டீ மாதிரி அப்படியே நின்றது. அந்தக் களித்துகள் துணியிலும் நிற்காது, குழியிலும் சீக்கிரம் படியாது. கிளம்பாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் வழி. குவியலுக்குத் தார்ப்பாய் போடுங்கள், கொட்டின இடத்தை அன்றைக்கே இறுக்கி வைக்கோல் பரப்புங்கள், எந்தப் பக்கம் வேலை இல்லையோ அந்தப் பக்கம் புல் பூண்டைச் செதுக்காதீர்கள். வாடை மழை எப்போது இறங்கும் என்று இந்த ஊரில் யாருக்குத் தெரியாது, புரட்டாசிக் கடைசியில் போய் லோடு லோடாகச் சவுடு இறக்கினால் எப்படி?

மண்டபம்:
அண்ணே, குழி விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் பக்கம் கரையோரம் நாலு அடி தோண்டினாலே ஊற்று வந்துவிடும், மழைக்கு முன்னாடியே குழி ரொம்பிக் கிடக்கும், அப்புறம் வண்டல் எங்கே படியும்?

நான் சொல்ல வந்தது வேறு. எங்கள் சைட் தண்ணீர் தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், விழுகிற இடத்தில் பாசி எடுக்கிற அக்கா ஒருத்தர் முங்கி எழுந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தம்பி, உங்க மண்ணா இது? கீழ என் கையே எனக்குத் தெரியல" என்றார். மன்னார் வளைகுடாவை 1986இல் தேசியப் பூங்கா ஆக்கினது, 21 தீவு, கலங்கலில் வெயில் இறங்காவிட்டால் பவளமும் கடற்புல்லும் பிழைக்காது என்பதெல்லாம் வகுப்பில் சொன்னதுதான். அந்த அக்காவுக்கு அன்றைய கூலியே போச்சு.

உச்சிப்புளி சூப்பர்வைசர்:
சிவில் அண்ணே, அது வரத்துக்கால்தான், சரியாகச் சொன்னீர்கள். கல்லுக்கு வெளி மாவட்டத்திலிருந்து லாரி வரணும், காண்டிராக்டர் சம்மதிக்க மாட்டார். கருவேலங்கட்டை அடித்து மணல் மூட்டை அடுக்கினால் ஒரு மழைக்காவது தாங்குமா? தண்ணீர் வழிந்து போக நடுவில் எவ்வளவு தாழ்த்தி விடணும்?