வெளிநாட்டு மிஷனரி ஊழியத்துக்குத் தயாரானபோது பயந்த தருணம்: உங்களுக்கு எது?

மறுகரை:
பயிற்சி முகாமில் கடத்தல் ஒத்திகை நடத்துவார்கள் என்பது போனவர்களுக்குத் தெரியும். கண்ணைக் கட்டினார்கள், கத்தினார்கள், முழங்காலில் நிற்க வைத்தார்கள். கத்தியவர் அன்று காலை எங்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தவர். குரல் கேட்டதும் சிரிப்பை அடக்கத்தான் பாடுபட வேண்டியிருந்தது.

மறுநாள் இரண்டு தாள்கள் தந்தார்கள். ஒன்றில், கடத்தப்பட்டால் பணயத்தொகை கொடுப்பதில்லை என்ற கொள்கையை அறிந்து ஏற்கிறேன் என்று கையெழுத்து. அதைப் போட்டுவிட்டேன். இன்னொன்றில், நாம் உயிரோடு இருப்பதை உறுதிசெய்துகொள்ள, நமக்கு மட்டுமே விடை தெரிந்த கேள்விகளை எழுதித் தர வேண்டும். எனக்குப் பேனா நகரவில்லை. பக்கத்தில் என் மனைவி மளமளவென்று எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். "மூத்தவளுக்கு வைக்க நினைத்து வைக்காமல் விட்ட பெயர் என்ன?"

அந்தப் பெயரை நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை. முகம் தெரியாத ஒருவன் அதை அவளிடம் கேட்டு வாங்கி, தொலைபேசியில் உச்சரிப்பான் என்று தோன்றியதும் வயிற்றைக் கலக்கிவிட்டது. எழுந்து வெளியே போய்விட்டேன். பணித்தளத்தில் எங்களுக்கு ஓர் ஆபத்தும் நேரவில்லை. ஆனாலும் அந்தத் தாள் மனதை விட்டுப் போகவில்லை. உங்களுக்கு எது?

உப்புக்கல்:
சகோதரரே, அந்தக் கேள்வியைப் பொதுவில் எழுதலாமா? ரகசியமாக இருந்தால்தானே அதற்குப் பயன்?

மறுகரை:
பணித்தளத்தை விட்டு வந்த அன்றே அந்தப் படிவம் அழிக்கப்பட்டுவிட்டது. மேலும், கேள்வியைத்தான் எழுதினேன், பெயரை அல்ல.

நடைபாதை:
என் பயம் சொன்னால் சிரிப்பீர்கள். காட்டுக்கும் காய்ச்சலுக்கும் துப்பாக்கிக்கும் நான் பயப்படவில்லை. ஆதரவாளர்களைத் தேடத் தொலைபேசியை எடுக்கத்தான் பயந்தேன். மாதாமாதம் தாங்குவதாக வாக்களிப்பவர்கள் போதிய அளவு சேரும்வரை அனுப்ப மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பட்டியலில் முதல் பெயர் என்னோடு படித்தவன். எண்ணை அழுத்துவேன், மணி அடிப்பதற்குள் துண்டித்துவிடுவேன். கடைசியில் அவனே திருப்பி அழைத்து, "என்னடா, பணமா? எவ்வளவு என்று சொல், ஏன் இப்படி மணி அடித்து விளையாடுகிறாய்?" என்றான். அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். எனக்குக் காது மடல்வரை சுட்டது. இன்றைக்கும் அவன் எண் திரையில் வந்தால் எடுக்க ஒரு கணம் ஆகிறது.

உப்புக்கல்:
மனிதரிடம் கேட்டதால்தான் இந்தச் சங்கடம். 1865இல் ஹட்சன் டெய்லர் சீன உள்நாட்டு மிஷனைத் தொடங்கியபோது, யாரிடமும் பணம் கேட்பதில்லை என்பதையே விதியாக வைத்தார். பொதுவாகவும் சொல்கிறேன்: தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடுக்கவில்லை என்று 2 தீமோத்தேயு 1:7இல் தெளிவாக இருக்கிறது. ஊழியத்துக்கு வரும்படி தேவன் தந்த அழைப்பு உறுதியானால் பயம் தானாகப் போய்விடும். போகவில்லை என்றால் அழைப்பைத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

நடைபாதை:
டெய்லர் பணம் கேட்கவில்லை, சரி. ஊர் ஊராகப் போய்ச் சீனாவின் தேவையைப் பேசினார், எழுதினார், பத்திரிகை நடத்தினார். அதற்கும் வாய் திறக்கத்தானே வேண்டும்?

இரண்டாம் வரிசை:
உப்புக்கல் ஐயா எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. கிட்டத்தட்ட இதே வார்த்தைகளை எங்கள் போதகர் என்னிடம் சொன்னார். அழைப்பு என் கணவருக்கு, பயம் எனக்கு. ஆகவே என் பயம் அவருடைய அழைப்புக்குத் தடை. எங்கள் வீட்டில் பல மாதம் இதுதான் கணக்கு. ஜெபக்கூட்டங்களில் "சகோதரியின் இருதயத்தை மாற்றும் ஆண்டவரே" என்று, நான் அங்கேயே உட்கார்ந்திருக்கும்போதே ஜெபித்தார்கள். நானும் ஆமென் சொன்னேன்.

பிறகு அமைப்பின் நேர்காணல். இருவரும் சேர்ந்து போனோம். எல்லாக் கேள்விகளுக்கும் அவரே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். எதிரில் இருந்த வயதான அம்மையார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "தம்பி, கொஞ்சம் வெளியே இருங்கள்" என்றார். கதவு சாத்தும்வரை பேசவில்லை. பிறகு, "உனக்குப் போக விருப்பமா, அம்மா?" என்றார்.

அதுவரை அந்தக் கேள்வியை யாருமே என்னிடம் கேட்டதில்லை. போவாயா, தடையாக இருப்பாயா, கீழ்ப்படிவாயா என்றுதான் கேட்டிருக்கிறார்கள். "இல்லை" என்றேன். அழுகை வந்துவிட்டது. அவர் ஆறுதல் வசனம் எதுவும் சொல்லவில்லை. எதற்குப் பயம் என்று கேட்டு, நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், பிள்ளைகள் எந்த மொழியில் படிப்பார்கள், நான் அங்கே யாரிடம் பேசுவேன். முடிந்ததும் அந்தத் தாளை என் பக்கம் திருப்பி, "இவற்றில் பாதிக்கு மேல் எங்களிடம் பதில் இருக்கிறது. மீதிக்கு இல்லை. பதில் உள்ளதை முதலில் அனுப்புகிறேன், படித்துவிட்டுச் சொல்" என்றார். என் கணவரை அதற்குப் பிறகுதான் உள்ளே அழைத்தார்.

அந்த ஆண்டு நாங்கள் போகவில்லை. பிறகு போனோம். பயம் என்னோடுதான் விமானம் ஏறியது, இறங்கியது, அங்கே குடியும் இருந்தது. அப்போஸ்தலன் பவுலே பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் உங்களிடத்தில் இருந்தேன் என்று கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார். "பயப்படாதே" என்று ராத்திரியில் தரிசனம் கொடுத்துச் சொல்ல வேண்டிய நிலையில் அவர் அங்கே இருந்தார். அவருடைய அழைப்பையும் சோதித்துப் பார்ப்போமா?

இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வந்த மிஷனரி வில்லியம் கேரியின் மனைவி டாரதியைப் பற்றி எத்தனை மிஷனரி ஞாயிறுகளில் பேசுகிறார்கள்? 1793இல் அவர் வர மறுத்தார். நிறைமாதம். கேரி மூத்த மகனை மட்டும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். கப்பல் தடைப்பட்டதால் திரும்பி வந்து மறுபடி வற்புறுத்தினார்கள். தங்கை கூட வருவதானால் வருகிறேன் என்று சம்மதித்தார். மறு ஆண்டே வங்காளத்தில் மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் இறந்தான். டாரதியின் மனம் பேதலித்தது. 1807இல் சாகும்வரை தெளியவில்லை. அவரிடம் ஒருவர் கதவைச் சாத்திவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

உப்புக்கல்:
சகோதரி, உங்களைப் புண்படுத்தும் எண்ணம் இல்லை. ஆனால் கேரி தயங்கியிருந்தால் வங்காள வேதாகமம் வந்திருக்குமா?

இரண்டாம் வரிசை:
கேரியைத் தயங்கச் சொல்லவில்லை ஐயா. டாரதியைக் கேட்கச் சொல்கிறேன்.

செவிலி அக்கா:
விவாதத்துக்கு நான் வரவில்லை. நான் புறப்படவிருப்பவர்களுக்கு மருத்துவ ஆயத்தம் செய்து அனுப்புகிறவள். ஒரு தம்பி புறப்படும் வாரத்தில் வந்து, ஆண்டவர் என்னிடமிருந்து அழைப்பை எடுத்துவிட்டார் அக்கா என்றான். ராத்திரியெல்லாம் கெட்ட கனவு, காரணமே இல்லாமல் படபடப்பு, கை நடுக்கம். கையில் ஜெபக்குறிப்பேடு வைத்திருந்தான். அதில் தேதி போட்டு எல்லாவற்றையும் எழுதியிருந்தான். கனவு வந்த நாள்களையும் அவன் மலேரியா மாத்திரை போட ஆரம்பித்த நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மெஃப்ளோகுயின். மருத்துவர் மாத்திரையை மாற்றினார், கனவு அடங்கியது, தம்பி போனான். அவ்வளவுதான் கதை.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். மெஃப்ளோகுயின் வாரம் ஒரு முறை போடுவது, புறப்படுவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே தொடங்குவார்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வீட்டில் இருக்கும்போதே தெரிந்துவிடட்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம். மனநிலையைப் பாதிக்கக்கூடும் என்பதால் 2013இல் அமெரிக்காவில் அந்த மருந்துக்கு மிகக் கடுமையான எச்சரிக்கை சேர்த்தார்கள். முன்பு மனச்சோர்வோ வலிப்போ இருந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். சபை என்ன நினைக்கும் என்று மறைப்பவர்கள் நிறையப் பேர். டாக்ஸிசைக்ளின் போன்ற வேறு மருந்துகள் இருக்கின்றன. அதைத் தினமும் போட வேண்டும், மலேரியாப் பகுதியை விட்டு வந்த பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் செல்லும். கடைசி வாரத்தில் ஓடி வராதீர்கள். 2016 முதல் அது ஆயுள் முழுக்கச் செல்லும், பழைய அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நாய்க்கடிக்கு முன்கூட்டியே ஊசி போட்டிருந்தாலும், கடித்தால் காயத்தை உடனே சோப்புப் போட்டுக் கழுவி, மீண்டும் ஊசி போட்டே ஆக வேண்டும். போட்டாயிற்றே என்று இருந்துவிடக் கூடாது. உயிலையும் எழுதிவிடுங்கள். எழுதினால் அபசகுனம் என்று விசுவாசிகளே என்னிடம் சொல்வது எனக்கு இன்னும் விளங்காத விஷயம்.

வாசற்படி:
எல்லோரும் போனவர்களாகவே எழுதுகிறீர்கள். நான் போகவில்லை. வழியனுப்பும் ஆராதனையில் மூப்பர்கள் தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். யாரோ ஒருவருடைய மோதிரம் என் முடியில் சிக்கிக்கொண்டது. ஜெபம் முடியும்வரை அவரும் கையை எடுக்கவில்லை, நானும் அசையவில்லை. அந்த வலியில், நான் போகப்போவதில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தது. அடுத்த நாள் சொல்லிவிட்டேன். பயம்தான். வேறு பெயர் எதுவும் வைக்க விரும்பவில்லை. சபையில் யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. காணிக்கையைத் திரும்பக் கொடுக்கப் போனபோது பலர் வாங்கிக்கொள்ளவும் இல்லை. அந்தப் பணம் இன்னும் தனிக்கணக்கில் இருக்கிறது.

உப்புக்கல்:
சோர்ந்துபோகாதீர்கள். ஏமி கார்மைக்கேல் 1893இல் ஜப்பானுக்குப் போய், உடல் முடியாமல் திரும்பி வந்தவர்தான். பிறகுதான் தமிழ்நாட்டில் தோனாவூரில் பிள்ளைகளுக்கான அவருடைய பெரிய ஊழியம். உங்களுக்கும் ஒரு தோனாவூர் இருக்கலாம். வேறு இடம், குறுகிய காலம் என்று மறுபடி முயன்று பாருங்கள். முதலில் ஒரு வாரம் உபவாசித்து...

வாசற்படி:
ஐயா, நன்றி, வேண்டாம். நான் வழி கேட்டு எழுதவில்லை. போகாதவர்கள் வேறு யாராவது இருந்தால், காணிக்கையை என்ன செய்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.