மூலையில் எண் உள்ள கட்டில் 'ஓல்டு ஃப்ரிசில்' ஏஸ்: காலம் எது? உதவி தேவை

நீலக்கொடி (கேள்வி)

வணக்கம். பழைய இங்கிலாந்துச் சீட்டுக்கட்டுகள் மீது எனக்குப் பெரிய ஆசை. இப்போது கைக்கு வந்திருக்கும் ஒரு கட்டின் காலத்தைக் கணிக்க முடியாமல் நிற்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

"1840 வாக்கில் வந்தது, முழுக் கட்டு" என்று சொல்லித்தான் விற்றார்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டியது இஸ்பேட் ஏஸ். சுருள் சுருளாகக் கோடுகள் பின்னிய பெரிய இஸ்பேட், 'டியூட்டி ஒன் ஷில்லிங்' என்ற வாசகம், அடியில் தயாரிப்பாளர் பெயர். பெயர் பாதி தேய்ந்துவிட்டது. படங்களோடு வைத்துப் பார்த்தேன். சேகரிப்பாளர்கள் 'ஓல்டு ஃப்ரிசில்' என்று அழைக்கும் அதே ஏஸ்தான்.

ஆனால் மற்ற சீட்டுகள் எல்லாவற்றிலும் மூலையில் எண்ணும் சின்னமும் இருக்கின்றன. ராஜா, ராணி, ஜாக்கி எல்லாம் இருதலைப் படங்கள். இந்த ஏஸில் மட்டும் மூலைக்குறி இல்லை. அதன் முதுகும் வெறும் வெள்ளை. மற்றவற்றின் முதுகில் நீல இலைக்கொடி ஓடுகிறது. ஏன் என்று கேட்டதற்கு, "அந்தக் காலத்தில் இஸ்பேட் ஏஸை மட்டும் அரசாங்கமே அச்சடித்தது, அதனால் முதுகு வேறு" என்று பதில் வந்தது. அரசாங்கம் அச்சடித்தது உண்மை என்று நானும் படித்திருக்கிறேன். ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

கட்டு 1840-ஐச் சேர்ந்ததுதானா? ஏஸ் அசலா? அப்புறம், ஆட்டின் ஏழும் எட்டும் ஒட்டிக் கிடக்கின்றன, எல்லாவற்றிலும் கை அழுக்கு. எப்படிச் சுத்தம் செய்வது?

தாள்வாசி

வணக்கம் நீலக்கொடி. விவரமாக எழுதியதற்கு நன்றி, பாதி வேலை முடிந்தது.

இங்கிலாந்தில் சீட்டுக்கு வரி 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தீவிரமாகிவிட்டது. 1765 முதல் இஸ்பேட் ஏஸை முத்திரை அலுவலகமே அச்சடித்தது. வரி கட்டினால்தான் தயாரிப்பாளர் கைக்கு ஏஸ் வரும். 1828-இல் வரி ஒரு ஷில்லிங் ஆனது. அதோடு வந்த புது ஏஸ்தான் உங்களிடம் இருப்பது. 1862-இல் வரியை மூன்று பென்ஸாகக் குறைத்தார்கள். வரிக்குறி ஏஸிலிருந்து கட்டைச் சுற்றும் உறைக்குப் போனது, தயாரிப்பாளர்கள் தங்கள் ஏஸைத் தாங்களே வரைந்துகொண்டார்கள். ஆக ஏஸ் அசல் என்றால் அதன் காலம் 1828-க்கும் 1862-க்கும் இடையில். அதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் அது அந்த ஒரு சீட்டின் காலம். கட்டின் காலம் அல்ல.

முதுகைப் பற்றிச் சொன்ன விளக்கம் நிற்காது. அரசாங்கம் அச்சடித்துக் கொடுத்தது ஏஸின் முகத்தை மட்டும். அந்தத் தாளைத் தயாரிப்பாளர் வாங்கிப்போய், மற்றத் தாள்களைப் போலவே அடுக்கி ஒட்டி, அதே முதுகைப் போட்டு வெட்டுவார். வேறு வழியே இல்லை. ஒரு சீட்டுக்கு மட்டும் முதுகு வேறாக இருந்தால், இஸ்பேட் ஏஸ் யார் கையில் இருக்கிறது என்று மேசையில் உட்கார்ந்த எல்லோருக்கும் தெரிந்துவிடுமே. அந்தக் கட்டை வைத்து யாராலும் ஓர் ஆட்டம்கூட ஆட முடியாது.

வெள்ளை முதுகு ஏஸ், வெள்ளை முதுகுக் கட்டிலிருந்து வந்தது. இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

இஸ்பேட்ராணி

தாள்வாசி அண்ணா சொன்னதோடு மீதிச் சீட்டுகளையும் பேசவிட வேண்டும்.

இருதலைப் படம் இங்கிலாந்தில் ஊன்றியது 1860-ஐ ஒட்டி. அதற்கு முன் ராஜாவுக்கும் ராணிக்கும் காலோடு முழு உருவம்தான். தலைகீழாக வந்த சீட்டை ஆட்டக்காரர் திருப்பி வைத்துக்கொள்வார், அதைப் பார்த்தே கையில் படச்சீட்டு இருப்பதை எதிராளி ஊகிக்கலாம். மூலைக்குறி அதற்கும் பின்னால் வந்தது. அமெரிக்காவில் 1864-இலேயே சலாடி என்பவர் காப்புரிமை வாங்கினார். ஆனால் 1870-களில் அங்கே 'ஸ்குவீசர்ஸ்', 'டிரிப்ளிகேட்ஸ்' கட்டுகள் வந்த பிறகுதான் அது ஓட்டமெடுத்தது. இங்கிலாந்தில் பரவலானது ஏறக்குறைய 1880-களில்.

எனவே உங்கள் மற்றச் சீட்டுகள் 1840-ஆக இருக்க வாய்ப்பே இல்லை. நான்கு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்: மூலை சதுரமா வட்டமா, ஜோக்கர் உண்டா, ஓரத்தில் பொன்பூச்சு இருக்கிறதா, பூதக்கண்ணாடியில் பார்த்தால் நிறங்கள் எப்படித் தெரிகின்றன. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். பழைய முறையில் கோடுகளை மட்டும் அச்சடித்த தாளின் மேல் ஓட்டை வெட்டிய அட்டையை வைத்து நிறம் பூசுவார்கள். சிவப்பு கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும், மஞ்சள் ஒரு பக்கம் எட்டாமல் வெள்ளை தெரியும். 1831-இல் தாமஸ் டி லா ரூ நிறங்களையும் அச்சிலேயே ஏற்றக் காப்புரிமை பெற்ற பிறகு இந்த வழிசல் மெல்ல மறைந்தது. நிறம் முழுவதும் பொடிப் பொடிப் புள்ளிகளாகத் தெரிந்தால், அது பிற்கால மறுபதிப்பு.

ஏஸுக்கும் இதே சோதனை. அசல் ஃப்ரிசில் செதுக்கிய தகட்டிலிருந்து எடுத்தது. உலகின் முதல் ஒட்டும் அஞ்சல்தலையான பென்னி பிளாக்கை 1840-இல் அச்சடித்த பெர்கின்ஸ் பேக்கன் நிறுவனத்தின் வேலைத்தரம் அந்தச் சுருள்களில் தெரியும். கோடு முடிகிற இடம்கூட ஊசிமுனைபோலக் கூர்மையாக இருக்கும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தால் மை தாளுக்கு மேலே லேசாக எழும்பி நிற்கும்.

நீலக்கொடி

இருவருக்கும் மிக்க நன்றி. பார்த்துவிட்டேன்.

நீலமுதுகுச் சீட்டுகளின் மூலை எல்லாம் ஒரே அச்சில் வெட்டிய சீரான வட்டம். ஏஸின் மூலை நான்கும் நான்கு விதம். ஒன்றில் கத்தரி இரண்டு முறை பட்ட தடம்கூடத் தெரிகிறது. சதுர மூலையை யாரோ பிறகு வட்டமாக வெட்டியிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

ஏஸின் கோடுகள் கூர்மை, புள்ளிகள் இல்லை. பக்க வெளிச்சத்தில் மை எழும்பித் தெரிகிறது. மற்றச் சீட்டுகளில் நிறம் சுத்தமாகக் கோட்டுக்குள் நிற்கிறது, அங்கேயும் புள்ளிகள் இல்லை. பொன்பூச்சு ஓரத்தில் அங்கங்கே மிஞ்சியிருக்கிறது, ஏஸில் துளியும் இல்லை. ஜோக்கர் ஒன்று உண்டு, நீல முதுகோடு. எண்ணிப் பார்த்ததில் நீல முதுகு 52: இஸ்பேட் ஏஸ் போக 51, அதோடு ஜோக்கர்.

இஸ்பேட்ராணி

அருமை! ஏஸ் அசல். வேறொரு கட்டின் ஏஸை மூலை வெட்டி இங்கே சேர்த்திருக்கிறார்கள். எப்போது, ஏன் என்பதை ஏஸ் சொல்லாது. தொலைந்த சீட்டுக்கு ஈடாக வீட்டில் யாரோ சேர்த்ததாகவும் இருக்கலாம்.

ஜோக்கர் உங்களுக்குப் பெரிய உதவி. அது 1860-களில் அமெரிக்காவில் யூக்கர் ஆட்டத்துக்காகப் பிறந்த சீட்டு. இங்கிலாந்துக் கட்டுகளில் 1880-கள் வாக்கில்தான் இடம்பிடித்தது. மூலைக்குறி, வட்ட மூலை, ஜோக்கர் மூன்றும் ஒரே திசையைக் காட்டுகின்றன: 1880-க்கு முந்தியதல்ல. 1890 முதல் 1920 வரை என்று வைத்துக்கொண்டு தேடலாம்.

யார் தயாரித்தது என்பதை இனி முகங்களில்தான் தேட வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் அதே ராஜாவைக் கொஞ்சம் வேறுபடுத்தி வரைந்தது. தாடிச் சுருள், ஜாக்கியின் தொப்பி, ராணி பிடித்திருக்கும் பூவின் இதழ் என்று ஒன்றொன்றாக ஒப்பிடுங்கள். குடால், டி லா ரூ என்ற இரண்டு இங்கிலாந்து நிறுவனங்களில் தொடங்கலாம். ஒரு எச்சரிக்கை: 1920-களின் தொடக்கத்தில் குடாலை டி லா ரூ வாங்கிக்கொண்டது. அதன் பிறகும் குடால் பெயரில் கட்டுகள் வந்தன, ஆகவே பெயரை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம்.

வரிமுத்திரை

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் சேகரிப்பது ஜெர்மன், அமெரிக்கக் கட்டுகள். இதே சிக்கல் அங்கேயும் உண்டு, அதனால் ஒரு வார்த்தை.

ஜெர்மனியில் 1879 முதல் 1939 வரை வரிமுத்திரை ஆட்டின் ஏஸில் விழும். அமெரிக்காவில் வரி வில்லை பெட்டியின் மேல் ஒட்டப்பட்டது, 1965-இல் அந்த வரி நீங்கியது. 'பைசைக்கிள்' கட்டுகளின் இஸ்பேட் ஏஸில் ஆண்டைக் குறிக்கும் எழுத்துக் குறியீடு இருக்கும், ஆனால் அதே எழுத்து பல ஆண்டுகள் கழித்துத் திரும்பவும் வரும். எந்த நாட்டுக் கட்டானாலும் ஏஸை முதலில் பாருங்கள், அப்புறம் அதை மறந்துவிட்டு மீதிச் சீட்டுகளை மட்டும் வைத்துக் காலம் கணியுங்கள். இரண்டு விடையும் பொருந்தினால் மட்டும் நம்புங்கள்.

வரி ஏஸின் மதிப்பு எவ்வளவு என்று தெரிய ஒரு செய்தி: 1805-இல் ரிச்சர்டு ஹார்டிங் என்பவரை இங்கிலாந்தில் தூக்கிலிட்டார்கள். குற்றம், இஸ்பேட் ஏஸைக் கள்ளத்தனமாக அச்சடித்தது. நீங்கள் கையில் வைத்திருப்பதும் அப்படிக் காவல் காக்கப்பட்ட ஒரு சீட்டின் வாரிசு. மூலை வெட்டுப்பட்டிருந்தாலும் அதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம்.

தாள்வாசி

சுத்தம் செய்வது பற்றி யாரும் சொல்லவில்லையே. தண்ணீர், ஸ்பிரிட், ஈரத்துணி எதுவும் கூடாது. பழைய சீட்டு பல தாள் ஒட்டிய அட்டை. ஈரம் பட்டால் பசை இளகி அடுக்கு பிரியும், நிறமும் கலங்கும். மெல்லிய தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தூசியைத் தள்ளுங்கள், அது போதும். கை அழுக்கு இருந்துவிட்டுப் போகட்டும், அது அந்தக் கட்டு ஆடப்பட்டதன் அடையாளம். அழிப்பான் போட்டால் மேற்பரப்பின் பளபளப்பு திட்டுத் திட்டாகப் போய்விடும்.

ஒட்டிய ஏழையும் எட்டையும் பிளேடால் பிரிக்காதீர்கள். முகத்தின் மைதான் முதலில் உரியும். காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டும்வரை அப்படியே இருக்கட்டும். ரப்பர் வளையம், செல்லோடேப், லேமினேஷன் மூன்றும் வேண்டவே வேண்டாம். அமிலமற்ற தாளில் சுற்றி, வெயிலும் ஈரமும் படாத பெட்டியில் வையுங்கள்.

நீலக்கொடி

நன்றி, அப்படியே செய்கிறேன். ஒரே ஒரு சந்தேகம் பாக்கி: ஏஸைக் கட்டோடு வைப்பதா, தனியே பிரித்து வைப்பதா?

தாள்வாசி

தனி உறை. ஆனால் அதே பெட்டிக்குள். "இந்த ஏஸ் 1828–1862, இந்தக் கட்டோடு சேர்ந்து வந்தது, கட்டு அதற்குப் பிந்தியது" என்று ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதி உறைக்குள் போடுங்கள். சீட்டின் மேல் எதுவும் எழுத வேண்டாம். கட்டை விற்க நேர்ந்தாலும் அந்தத் துண்டுத் தாளோடுதான் விற்க வேண்டும். குடால் முகங்களோடு ஒப்பிட்டதும் இங்கே சொல்லுங்கள், ஜாக்கி நான்கின் படமும் போட்டால் நானும் பார்க்கிறேன்.