ஒரே பேரில் ரெண்டு புயலா?

ஒரத்தநாட்டான்:
2008 நவம்பரில் காரைக்கால் பக்கம் கரை கடந்த நிஷா புயலைப் பையனுக்குக் காட்டலாம் என்று தேடினால், 2010இல் தென் பசிபிக்கில் வந்த நிஷா முன்னால் வந்து நிற்கிறது. 1983இல் பிரெஞ்சு பாலினேசியாவை அடித்த நிஷா வேறு. எங்கள் ஊரில் 24 மணி நேரத்தில் 66 செ.மீ. கொட்டியது. அது எவனோ ஒருவன் கணக்கோடு கலக்கலாமா? உலகத்துக்கே ஒரு பெயர்ப் பட்டியல் வைக்கட்டும்.

கோடியக்கரை:
அண்ணே, பேர் வைப்பது எச்சரிக்கை கொடுக்க. பசிபிக் புயலும் நம்ம புயலும் ஒரே செய்தியில் வரப்போவதில்லை. எங்கள் ஆட்கள் நாகப்பட்டினத்தில் எத்தனாம் நம்பர் புயல் எச்சரிக்கைக் கூண்டு என்றுதான் முதலில் கேட்பார்கள்.

ஒரத்தநாட்டான்:
வாட்ஸ்அப்புக்குக் கூண்டு ஏது தம்பி? 2021 ஜனவரியில் பிஜியில் 'ஆனா' என்று ஒரு புயல், மே மாதம் பெர்முடா பக்கம் இன்னொரு 'ஆனா', 2022 ஜனவரியில் மடகாஸ்கர், மலாவியில் மற்றொரு 'ஆனா'. எந்த வெள்ளப் படம் எந்த ஆனாவுடையது என்று யார் பார்த்து அனுப்புகிறார்கள்?

வெண்ணாறு:
நீங்கள் கேட்பதை நம்ம பக்கம் பாதி செய்தாயிற்று சார். நிஷா 2004இல் நடைமுறைக்கு வந்த பழைய பட்டியலில் வங்கதேசம் கொடுத்த பேர். 2020இல் வங்கக் கடல், அரபிக் கடல் பக்கத்து 13 நாடுகள் தலா 13 புயல் பெயர் கொடுத்து 169 பெயர் கொண்ட புதுப் பட்டியல் ஆக்கினார்கள். மற்றக் கடல்களின் பட்டியலில் இருக்கிற பேர் இதில் கூடாது என்று விதியே இருக்கிறது. ஒருமுறை வந்த பேர் நம்ம கடலில் மறுபடி வராது. அட்லாண்டிக்கில் ஆறு பட்டியலைச் சுற்றிச் சுற்றி விடுகிறார்கள், பெரிய நாசம் செய்த பேரை மட்டும் எடுத்துவிடுவார்கள். அவர்களுடைய சொந்தக் கடலுக்குள்ளேயே ஒரு பேரில் பல புயல். நாம் மட்டும் ஒழுங்காக இருந்து என்ன செய்ய?

கோடியக்கரை:
உலகம் முழுக்க வருஷத்துக்கு எண்பதுக்கு மேல் புயல். எல்லோர் வாயிலும் நுழைகிற, யாரையும் புண்படுத்தாத சின்னப் பேர் அத்தனைக்கு எங்கே போவது? 1977இல் வந்த புயலுக்குப் பேரே கிடையாது. நாகப்பட்டினத்தில் யாராவது மறந்தார்களா? வருஷம் போதும்.

ஒரத்தநாட்டான்:
2020இல் நவம்பர் கடைசியில் நிவர், டிசம்பர் முதல் வாரத்தில் புரெவி. நிவாரண மனுவில் வெறும் 2020 புயல் என்று எழுதினால் எடுத்துக்கொள்வார்களா?

கோடியக்கரை:
அந்த ரெண்டுக்கும் பேர் வேறு வேறுதானே அண்ணே! உங்கள் சண்டை பசிபிக்கோடு. நிஷாவோடு காரைக்கால் என்று சேர்த்துத் தேடிப் பாருங்கள், நம்ம நிஷாதான் வரும்.